சுரங்க வண்டிகளின் சக்கர அச்சுத் தாங்கிகள்

சுரங்க வண்டிகளின் சக்கர அச்சுத் தாங்கி என்பது, நிலத்தடிச் சுரங்கங்களில் தண்டவாளத்தின் மீது நிலக்கரி, தாது, கழிவுப் பாறை முதலியவற்றை ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளில், அசையும் உறுப்புக்கும் அசையா உறுப்புக்கும் இடையில் நின்று, சுமையைத் தாங்கிக்கொண்டே சுழற்சிக்கு இடம் கொடுக்கும் பொறியுறுப்பு ஆகும். பட்டறை வழக்கில் இது பேரிங் எனப்படும். தொடக்கத்தில் இரும்பு அச்சின் மீது நேரடியாகத் தேய்ந்து சுழன்ற சக்கரங்களே பயன்பட்டன. பின்னர் மசகு இடப்பட்ட உலோக உறைகளும், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உருளைத் தாங்கிகளும் புழக்கத்துக்கு வந்தன.

இந்த மாற்றம் இழுவிசையைக் குறைத்தது. ஓயாது மசகு இடும் வேலையையும் பெருமளவு நீக்கியது. ஆனால் எளிதில் ஓடும் வண்டி எளிதில் நிற்பதில்லை. ஆகவே தாங்கியை மேம்படுத்துவது என்பது பாதையின் சரிவு, தடுப்பான்கள், இணைப்புக் கொக்கிகள் ஆகியவற்றையும் சேர்த்துத் திருத்த வேண்டிய வேலையாகும்.

பணிச்சூழல்

சுரங்க வண்டியின் தாங்கி, தொழிற்சாலை இயந்திரங்களின் தாங்கிகளைவிடக் கடுமையான சூழலில் வேலை செய்கின்றது. இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

- நிலக்கரித் தூளும், கடினமான சிலிக்காத் தூளும் தாங்கிக்குள் புகுந்து, உரைகல் போல உலோகத்தைத் தேய்க்கின்றன.
- கந்தகம் கலந்த இரும்புக் கனிமங்கள் உள்ள சுரங்கங்களில் ஊறும் நீர் அமிலத் தன்மை உடையது. அது எஃகை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்.
- பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு வில் கிடையாது. பாறை விழும் அதிர்ச்சியும், தண்டவாள இணைப்புகளில் ஏற்படும் அடியும் நேராகத் தாங்கியைச் சேரும்.
- வண்டி தடம்புரளும்போது அச்சு வளையக்கூடும். அதன் பிறகு தாங்கியின் மீது சுமை சீராகப் பரவாது.
- வண்டியைத் தலைகீழாகச் சுழற்றிக் கொட்டும் கவிழ்ப்பான்கள் உள்ள இடங்களில், மசகு வெளியே வழிவதும் தூள் உள்ளே விழுவதும் நேரும்.
- வண்டிகள் நெடுநேரம் நின்று, பிறகு குறைந்த வேகத்தில் சிறு தொலைவு ஓடுகின்றன. இது மசகுப் படலம் உருவாவதற்கு ஏற்ற நிலை அன்று.

உராய்வும் இழுவிசையும்

ஒரு வண்டியைச் சமதளத்தில் இழுக்கத் தேவையான விசைக்கும் அவ்வண்டியின் எடைக்கும் உள்ள விகிதம் ஓட்டத் தடையெண் எனக் கொள்ளப்படலாம். இதற்கு இரண்டு முதன்மைக் கூறுகள் உண்டு. ஒன்று, தாங்கியில் ஏற்படும் உராய்வு. மற்றது, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஏற்படும் தடை. வளைவுகளில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசுவது இரண்டாவதில் அடங்கும்.

தாங்கியில் தோன்றும் உராய்வு, அச்சின் விட்டத்துக்கும் சக்கரத்தின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தால் குறைந்து வெளிப்படும். எடுத்துக்காட்டாக, அச்சின் விட்டம் 60 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 360 மி.மீ. எனில் இவ்விகிதம் ஆறில் ஒன்று ஆகும். மசகு குறைந்த உலோக உறையின் உராய்வெண் 0.09 என்று கொண்டால், அதனால் ஏற்படும் ஓட்டத் தடை 0.015 ஆகும். 3 டன் எடையுள்ள வண்டிக்கு இது 45 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை. நல்ல உருளைத் தாங்கியின் உராய்வெண் சுமார் 0.002 ஆகும். அதே வண்டியில் இதனால் வரும் தடை 1 கிலோகிராம் எடை அளவே. அடைப்பு வளையங்களின் உரசலும் மசகைக் கலக்கும் தடையும் இதனோடு சேரும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, சுரங்கத்தில் நிலவும் சிறிய சக்கரங்களுக்குத் தாங்கியின் தரம் பெரிய சக்கரங்களைவிட அதிக முக்கியத்துவம் உடையது. இரண்டாவதாக, உருளைத் தாங்கி பொருத்திய பிறகு எஞ்சியிருக்கும் தடையின் பெரும்பகுதி தண்டவாளத்தைச் சார்ந்ததாகிவிடும். பாதை சேறும் கோணலுமாக இருந்தால், விலை உயர்ந்த தாங்கியால் கிடைக்க வேண்டிய பயன் கிடைக்காது.

நடைமுறைக் கணக்குகளில், உலோக உறைகள் உள்ள வண்டிகளுக்கு மொத்த ஓட்டத் தடை எடையில் 1.5 சதவீதமோ அதற்கு மேலோ எனவும், உருளைத் தாங்கி உள்ள வண்டிகளுக்குச் சுமார் 1 சதவீதம் எனவும் கொள்வது வழக்கம். 1,000 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை தரும் ஒரு இழுபொறி, சமதளத்தில் முதல் வகையில் சுமார் 66 டன் எடையை இழுக்கும்; இரண்டாம் வகையில் 100 டன் எடையை இழுக்கும்.

புறப்படும் நேரத்தில் வேறுபாடு இன்னும் அதிகம். வண்டி நிற்கும்போது அதன் எடை, உறையில் உள்ள மசகைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். ஆகவே மீண்டும் புறப்படும் கணத்தில் உலோகம் உலோகத்தின் மீதே உரசும். உருளைத் தாங்கியில் புறப்பாட்டுத் தடை, ஓட்டத் தடையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும்.

வரலாறு

தொடக்ககால வண்டிகள்

கியோர்கியசு அக்ரிகோலா என்பவர் எழுதி 1556 இல் பாசெல் நகரில் வெளியான 'டி ரெ மெட்டாலிகா' என்னும் இலத்தீன் நூலில், மத்திய ஐரோப்பியச் சுரங்கங்களில் பயன்பட்ட நான்கு சக்கரத் தள்ளுவண்டி விவரிக்கப்பட்டுள்ளது. அதன் அச்சுகள் அசையாதவை; சக்கரங்கள் அவற்றின் மீது சுழன்றன. சக்கரம் கழன்று விழாமல் இருக்க இரும்பு ஆணிகள் செருகப்பட்டன. தமிழகத்து மாட்டு வண்டியின் கடையாணியும் இதே வேலையைச் செய்வது ஒப்பிடத்தக்கது. இவ்வண்டி ஓடும்போது எழும் ஓசை நாய் குரைப்பது போல இருந்ததால் சுரங்கத் தொழிலாளர் அதை 'நாய்' என்று அழைத்தனர் என அக்ரிகோலா குறிப்பிடுகின்றார்.

18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வார்ப்பிரும்புச் சக்கரங்களும் இரும்புத் தண்டவாளங்களும் பரவின. எனினும் தாங்கி என்பது அச்சைச் சுற்றிய ஒரு துளையாகவே இருந்தது. 1794 இல் வேல்சு நாட்டின் கார்மார்த்தனைச் சேர்ந்த பிலிப் வாகன், வண்டி அச்சுகளுக்கான பந்துத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே அளவான எஃகுப் பந்துகளைத் துல்லியமாகச் செய்யும் முறை அப்போது இல்லாததால் இது பரவவில்லை.

1839 இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர், வெள்ளீயம், அந்திமனி, செம்பு ஆகியவை கலந்த மென்மையான உலோகத்தை உறையின் உட்பூச்சாகப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாபிட் உலோகம் எனப்படும் இது, அச்சுக்கு ஊறு செய்யாமல் தான் தேய்ந்துகொள்ளும் இயல்புடையது.

1883 இல் இங்கிலாந்தில் போசாம்ப் டவர், தொடருந்து அச்சுகளின் உராய்வைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காகத் துளைத்த துளையின் வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்ததையும், துளையை அடைத்த கட்டையை அது வெளியே தள்ளியதையும் அவர் கண்டார். சுழலும் அச்சு எண்ணெயைத் தானே உள்ளிழுத்து, அழுத்தமுள்ள படலமாக்கி அதன் மீது மிதக்கின்றது என்பது இதனால் தெரிய வந்தது. 1886 இல் ஆசுபோர்ன் ரெனால்ட்சு இதற்கான கணிதக் கோட்பாட்டை அளித்தார். இப்படலம் உருவாகப் போதிய வேகமும் இடைவிடாத எண்ணெய் வரத்தும் வேண்டும். சுரங்க வண்டியில் இவ்விரண்டும் அரிது. தொடருந்துகளில் நன்றாக உழைத்த உறைகள் சுரங்கத்தில் விரைவில் தேய்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

மசகு இடுவோர்

உறைத் தாங்கிகளுக்கு அடிக்கடி மசகு இட வேண்டியிருந்தது. விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், கனிம எண்ணெய் ஆகியவற்றால் ஆன மசகுகள் பயன்பட்டன. சில சுரங்கங்களில் தண்டவாளங்களுக்கு இடையே மசகுப் பெட்டி ஒன்றைப் பதித்து, கடந்து செல்லும் வண்டியின் அச்சு அதிலுள்ள சிறு சக்கரத்தைத் தொட்டு மசகைப் பெறுமாறு அமைத்தனர். பல இடங்களில் இவ்வேலையை ஆட்களே, பெரும்பாலும் சிறுவர்களே செய்தனர்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படம் எடுத்த லூயிசு ஐன், 1910 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் பெசி நிலக்கரிச் சுரங்கத்தில், வண்டிகளுக்கு எண்ணெய் இடும் ஒரு சிறுவனைப் படம் பிடித்தார். தனக்கு 14 வயது என்று அச்சிறுவன் கூறியதை ஐன் நம்பவில்லை. கனமான இரண்டு மசகு வாளிகளைச் சுமந்த அச்சிறுவன், வண்டிகளில் அடிபடும் அபாயத்தில் அடிக்கடி இருந்தான் என்பதையும் அவர் பதிவு செய்துள்ளார். ஓடும் வண்டிகளின் சக்கர ஆரங்களுக்குள் கட்டையைச் செருகி நிறுத்தும் வேலையும் அமெரிக்கச் சுரங்கங்களில் இளம் வயதினரிடம் விடப்பட்டிருந்தது.

சிறுவர்கள் சுரங்க வேலையிலிருந்து விலக்கப்பட்டதற்குச் சட்டங்களே முதன்மைக் காரணம். எனினும், மாதக்கணக்கில் மசகைத் தேக்கி வைக்கும் மூடிய தாங்கிகள் வந்தபின், மசகு வாளியுடன் வண்டிகளுக்கு இடையே நிற்கும் வேலைக்கே தேவை குறைந்தது.

உருளைத் தாங்கிகளின் வருகை

செல்லுலாயிடு தொடர்பான பணிகளுக்காக அறியப்பட்ட ஜான் வெசுலி ஹயாட், 1892 இல் ஐக்கிய அமெரிக்காவில் உருளைத் தாங்கி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவரது உருளைகள் எஃகுப் பட்டையைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்பட்டவை. அவை சற்றே வளைந்து கொடுத்ததால், துல்லியம் குறைந்த அச்சுகளிலும் வேலை செய்தன. சுரங்க வண்டிகளில் இவை பயன்படுத்தப்பட்டன.

1898 இல் ஹென்றி டிம்கன், கூம்புருளைத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகள் செய்தவரான இவரது நோக்கம், மேலிருந்து வரும் சுமையையும் வளைவுகளில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒரே தாங்கியில் ஏற்பதாகும். 1907 இல் சுவீடனின் சுவென் விங்குவிசுட், அச்சு சற்றுக் கோணினாலும் தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும் பந்துத் தாங்கியை உருவாக்கினார். அதே நாட்டின் அர்விட் பாம்கிரன் 1919 இல், பெருஞ்சுமைக்கு ஏற்ற கோள உருளைத் தாங்கியை வடிவமைத்தார்.

தாங்கிகளின் வகைகள்

- உலோக உறை: விலை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், எந்தப் பட்டறையிலும் செய்யலாம். உராய்வும் தேய்மானமும் மசகுச் செலவும் அதிகம்.
- பந்துத் தாங்கி: மிகக் குறைந்த உராய்வு உடையது. பந்து ஒரு புள்ளியை ஒட்டிய சிறு பரப்பிலேயே சுமையைத் தாங்குவதால், கடும் அதிர்ச்சியில் தடத்தில் குழி விழும். இலகுவான வண்டிகளுக்கே ஏற்றது.
- நேர் உருளைத் தாங்கி: அதிகச் சுமை தாங்கும். பக்கவாட்டுத் தள்ளலை ஏற்கத் தனி அமைப்பு வேண்டும்.
- கூம்புருளைத் தாங்கி: இரு திசைச் சுமைகளையும் ஏற்கும். இரண்டு தாங்கிகளை எதிரெதிராகப் பொருத்த வேண்டும். திருகுமரையால் இடைவெளியைத் திருத்தலாம். சுரங்க வண்டிச் சக்கரங்களில் பரவலாகப் பயன்படுவது இவ்வகையே.
- கோள உருளைத் தாங்கி: அச்சு வளைந்தாலும் சட்டம் கோணினாலும் சுமை சீராகப் பரவும். விலையும் எடையும் கூடுதல்.

பொருத்தும் முறைகள்

முதல் முறையில் அச்சு அசையாது. தாங்கிகள் சக்கரத்தின் குடத்துக்குள் அமைந்திருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்துச் சுழல்வதால், வளைவில் வெளிச் சக்கரமும் உட்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் ஓடலாம். குடத்தின் வெளிப்பக்கத்தை முழு மூடியால் அடைத்துவிட முடியும் என்பதால், தூள் புகும் வழி ஒன்றே எஞ்சும்.

இரண்டாம் முறையில் சக்கரங்கள் அச்சுடன் இறுக்கப்பட்டு, அச்சு முழுவதும் சுழலும். தாங்கிகள் வண்டிச் சட்டத்தில் பொருத்திய பெட்டிகளில் இருக்கும். இதில் இரு சக்கரங்களின் இடைவெளி மாறாது. ஆனால் வளைவில் ஏதேனும் ஒரு சக்கரம் வழுக்கியே ஆக வேண்டும்.

சுழலும் வளையத்தை இறுக்கமாகவும், நிலையான வளையத்தைச் சற்றுத் தளர்வாகவும் பொருத்துவது பொது விதி. ஆகவே முதல் முறையில் வெளி வளையம் குடத்துக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டாம் முறையில் உள் வளையம் அச்சின் மீது இறுக்கமாக இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வளையம் தன் இருக்கையிலேயே வழுக்கி, அச்சையோ குடத்தையோ தேய்த்துவிடும்.

அடைப்பும் மசகும்

உருளைத் தாங்கியின் ஆயுள் சுமையைப் பொறுத்தது. பொதுவான கணக்கின்படி, சுமை பாதியானால் உருளைத் தாங்கியின் ஆயுள் ஏறத்தாழ 10 மடங்காகும். ஆனால் இக்கணக்கு சுத்தமான தாங்கிக்கே பொருந்தும். சுரங்கத்தில் பல தாங்கிகள் உலோகக் களைப்பால் அழிவதற்கு முன்பே தூளாலும் நீராலும் அழிகின்றன. எனவே பெரிய தாங்கியைத் தேர்வதைவிட நல்ல அடைப்பைத் தேர்வது பல நேரங்களில் கூடுதல் பயன் தரும்.

தொடக்கத்தில் கம்பளி வளையங்களும் தோல் வளையங்களும் அடைப்புகளாகப் பயன்பட்டன. இவை நனைந்ததும் தூளைப் பிடித்துக்கொண்டு அச்சையே தேய்த்தன. பின்னர் செயற்கை இரப்பரால் ஆன உதட்டு அடைப்புகள் வந்தன. ஒன்றை ஒன்று தொடாமல் மடிந்து செல்லும் இடுக்குப் பாதைகளில் மசகை நிரப்பி வைக்கும் முறையும் உண்டு. இடுக்குப் பாதையை வெளியிலும், உதட்டு அடைப்பை உள்ளேயும் வைப்பது சேறு மிகுந்த சுரங்கங்களுக்கு ஏற்றது.

மசகு வகைகளில், சோடியம் சோப்பால் ஆன கிரீசு நீரில் கரையும். நனையும் சுரங்கத்துக்கு உதவாது. கால்சியம் கிரீசு நீரைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. 1940களில் அறிமுகமான லித்தியம் கிரீசு இரண்டையும் ஓரளவு நன்றாகத் தாங்குவதால் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தாங்கியிலுள்ள வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரப்புவது வழக்கமான அளவு. வேகமாகச் சுழலும் தாங்கியில் இதற்கு மேல் நிரப்பினால் மசகு கலக்கப்பட்டுச் சூடாகும். மிக மெதுவாக ஓடும், சேறு மிகுந்த இடத்துத் தாங்கிகளில் நீர் புகாதிருக்கக் கூடுதலாக நிரப்புவதும் உண்டு.

பழுதுகள்

- நின்ற வண்டியில் பாறை விழும் அதிர்ச்சியால், உருளைகள் தடத்தில் வரிசையாகக் குழிகளைப் பதிக்கும்.
- திருகுமரையை அளவுக்கு மேல் இறுக்கினால் தாங்கி சூடாகிச் சிக்கிக்கொள்ளும். தளர விட்டால் சக்கரம் ஆடி அடைப்பைக் கெடுக்கும்.
- வண்டியின் சட்டத்தைப் பற்றவைக்கும்போது மின்னோட்டம் தாங்கியின் வழியே சென்றால், உருளைகளின் மேற்பரப்பில் தீப்பொறி வடுக்கள் விழும். மின்கம்பியைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே இணைப்பதால் இதைத் தவிர்க்கலாம்.
- சிக்கிக்கொண்ட தாங்கியோடு இழுக்கப்படும் வண்டியில் சக்கரம் சுழலாமல் வழுக்கித் தட்டையாகத் தேயும். சூடேறிய தாங்கி, நிலக்கரிச் சுரங்கத்தில் தீ அபாயமும் ஆகும்.

சரிவும் பாதுகாப்பும்

சுரங்கப் பாதைகள் பெரும்பாலும் நிறை வண்டிகள் இறங்கும் திசையில் சற்றே சரிவாக அமைக்கப்படும். நிறை வண்டியை இறக்கவும் வெற்று வண்டியை ஏற்றவும் ஒரே அளவு விசை தேவைப்படும் சரிவு சமநிலைச் சரிவு எனலாம். அதைப் பின்வருமாறு கணிக்கலாம்:

சமநிலைச் சரிவு = ஓட்டத் தடையெண் × (நிறை வண்டியின் எடை − வெற்று வண்டியின் எடை) ÷ (நிறை வண்டியின் எடை + வெற்று வண்டியின் எடை)

நிறை வண்டி 3 டன், வெற்று வண்டி 1 டன், ஓட்டத் தடையெண் 0.02 எனில், சமநிலைச் சரிவு 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஆகும். இறங்கவும் ஏறவும் தலா 30 கிலோகிராம் எடை அளவு விசை தேவை.

இப்பாதையை மாற்றாமல், வண்டிகளில் மட்டும் உருளைத் தாங்கிகளைப் பொருத்தி ஓட்டத் தடையெண்ணை 0.01 ஆகக் குறைத்ததாகக் கொள்வோம். வெற்று வண்டியை ஏற்ற 20 கிலோகிராம் எடை அளவு விசை போதும். ஆனால் நிறை வண்டியை இறக்கத் தேவையான விசை சுழியாகும். அதாவது, ஒருமுறை தள்ளிவிட்டால் அவ்வண்டி தானாக நிற்காது. சற்றுக் கூடுதலாகச் சரிந்த இடத்தில் அது வேகம் பிடித்து ஓடும். பழைய தாங்கிகளின் உராய்வு, எவரும் கேட்காமலேயே ஒரு தடுப்பானாகவும் வேலை செய்து வந்தது என்பது இதனால் விளங்கும்.

கட்டுப்பாடின்றி ஓடும் வண்டிகளின் விளைவு கொடியது. 1938 மே 10 இல் இங்கிலாந்தின் டார்பிசயரில் உள்ள மார்க்கம் நிலக்கரிச் சுரங்கத்தில், கட்டறுந்து ஓடிய வண்டிகள் கிளப்பிய நிலக்கரித் தூள், சேதமடைந்த மின்வடத்தின் பொறியால் பற்றி வெடித்ததில் 79 பேர் இறந்தனர். 1995 மே 10 இல் தென்னாபிரிக்காவின் வால் ரீஃப்சு பொற்சுரங்கத்தில், ஓர் இழுபொறி தடுப்பைக் கடந்து செங்குத்துக் குழியில் விழுந்து, கீழே இருந்த ஆளேற்றுக் கூண்டை நசுக்கியதில் 104 பேர் இறந்தனர். இவை தாங்கிகளால் நேர்ந்தவை அல்ல. எனினும் சக்கரமுள்ள எதுவும் நிறுத்தப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை இவை காட்டுகின்றன.

ஆகவே தாங்கிகளை மாற்றும்போது பின்வருவனவற்றையும் சரிபார்க்க வேண்டும்:

- வண்டிகள் நிற்கும் இடங்களும் சுமை ஏற்றும் இடங்களும் சமதளமாக்கப்பட வேண்டும்.
- சரிவின் தலைப்பில் தடுப்புக் கட்டைகளும், கட்டறுந்த வண்டியைத் தடம்புரளச் செய்யும் திருப்பங்களும் இருக்க வேண்டும்.
- கூடுதல் வண்டிகளைக் கோக்கும்போது, இணைப்புக் கொக்கிகளும் இழுபொறியின் தடுப்பானும் அந்த எடைக்குப் போதுமானவையா எனக் கணக்கிட வேண்டும்.
- பழைய வண்டிகளையும் புதிய வண்டிகளையும் ஒரே பாதையில் கலந்து விடும் காலத்தில், எல்லா வண்டிகளும் எளிதில் ஓடுபவை என்று கொண்டே வேலை செய்ய வேண்டும்.

எளிய சோதனை

ஒரு வண்டியின் ஓட்டத் தடையெண்ணை விலை உயர்ந்த கருவிகள் இன்றி அளக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத, முடிவில் தடுப்புள்ள பாதையில், ஒரு சரிவின் மேலிருந்து வண்டியைத் தள்ளாமல் விட்டு, அது தானே நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். இறங்கிய உயரத்தை ஓடிய தொலைவால் வகுத்தால் சராசரித் தடையெண் கிடைக்கும். 0.5 மீட்டர் இறங்கிய வண்டி 40 மீட்டர் ஓடி நின்றால், அதன் தடையெண் 0.0125 ஆகும். ஒரே பாதையில் எல்லா வண்டிகளையும் இவ்வாறு சோதித்தால், மற்றவற்றுக்கு முன்பே நின்றுவிடும் வண்டியில் தாங்கி பழுதாகியிருப்பதை அறியலாம்.

இன்றைய நிலை

நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றில் சுரங்க வண்டிகளின் இடத்தைப் பட்டைக் கொணரிகள் பிடித்துக்கொண்டன. எனினும் ஆழமான தாதுச் சுரங்கங்களில் தண்டவாளப் போக்குவரத்து தொடர்கின்றது. சுவீடனின் கிருணா இரும்புத்தாதுச் சுரங்கத்தில் ஓட்டுநர் இல்லாத் தொடர்வண்டிகள் தாதுவைச் சுமக்கின்றன.

சுரங்க வண்டியில் கற்ற பாடங்கள் பட்டைக் கொணரிகளுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியைச் சுமக்கும் பட்டைகள், வரிசையாக அமைந்த உருளைகளின் மீதே ஓடுகின்றன. அந்த உருளைகளின் தாங்கிகளுக்கும் தூளும் மழைநீருமே பகை. தாங்கி ஒன்று சிக்கிக்கொண்டால் உருளை சுழலாமல் நின்று, மேலே ஓடும் பட்டை அதன் மீது உரசிச் சூடேறும்.

இவற்றையும் பார்க்க

- உராய்வு
- பந்துத் தாங்கி
- மசகுப் பொருள்
- பட்டைக் கொணரி
- நிலத்தடிச் சுரங்கம்